கேளுங்கள், கழற்றுவோம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளச், கியர் பொக்ஸ் பற்றியவை. மாரி முடிந்து, மூடி வைத்த பழைய கார்களை எல்லோரும் வெளியே எடுக்கிற நேரம் என்பதாலாக்கும். வழக்கம்போல ஊரை மட்டும் போடுகிறேன், பெயர் இல்லை. முன்பொரு முறை பெயரைப் போட்டதில், வீட்டுக்குத் தெரியாமல் கார் வாங்கிய ஒருவரின் கதை வெளியே வந்து, அவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

கேள்வி: அண்ணா, என்னிடம் 1967ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங் ஒன்று இருக்கிறது. 289 கன அங்குல வி8 இன்ஜின், நாலு கியர், இடது பக்க ஸ்டியரிங். மாமா கொழும்பில் வாங்கி வைத்திருந்து இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் மிதித்தால் இன்ஜின் கத்துகிறதே தவிர கார் ஏறுவதில்லை. மூன்றில் இருந்து இரண்டுக்குப் போடும்போது கரகரவென்று சத்தம். கிளச்சை மாற்று, கியர் பொக்ஸையும் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து கியர் உள்ள டி-5 பெட்டி ஒன்றைப் பூட்டு என்று நண்பர்கள் நிற்கிறார்கள். என்ன செய்யலாம்? (உப்புவெளி)

பதில்: தம்பி, காசை வெளியே எடுக்க முதல் நண்பர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு வருத்தம் இல்லை, இரண்டு. இன்ஜின் கத்தியும் கார் ஏறாதது கிளச் பிடிக்காத வருத்தம். இரண்டாம் கியர் கரகரப்பது ஒன்றில் கிளச் முழுதாக விடாத வருத்தம், இல்லாவிட்டால் கியர் பெட்டிக்குள், பல்லும் பல்லும் சேர முதல் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோ ரிங் தேய்ந்த வருத்தம். பிடிக்காததும் விடாததும் ஒன்றுக்கொன்று எதிர், ஆனாலும் இரண்டையும் ஒரே காரில் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். அதனால் எதையும் கழற்றாமல் முதலில் சோதித்துப் பாருங்கள்.

சனமில்லாத தட்டையான இடமாகப் பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, நாலாம் கியரைப் போட்டு, அக்ஸிலரேற்றரைக் கொஞ்சம் மிதித்தபடி கிளச்சை விடுங்கள். நல்ல கிளச் என்றால் இன்ஜின் டக்கென்று நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே உள்ள கிளச் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பிளேட்டும் கருகிவிடும். இதைச் சோதிக்க, கோயிலுக்குப் போகிற கோட்டை வாசலுக்குள் போக வேண்டாம். அங்கே மான் எந்த நேரம் குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது, பின்னால் ஏறிவருகிற வான்காரனுக்குப் பொறுமையும் கிடையாது.

வழுக்குகிறது என்று தெரிந்ததும் பிளேட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். பெடலைக் கையால் அமத்திப் பாருங்கள். மேலே ஒரு அங்குலமளவு சும்மா போக வேண்டும், அதற்குப் பிறகுதான் பாரம் தெரிய வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த ஒரு அங்குலம் குறைந்துகொண்டே வரும். அது இல்லாமலே போய்விட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளச் அரைகுறையாக மிதிபட்டபடிதான் இருக்கும், வழுக்காமல் என்ன செய்யும்? உங்கள் காரில் கிளச்சுக்கு ஒயிலும் இல்லை, கேபிளும் இல்லை. பெடலில் இருந்து ஒரு கம்பி இறங்கி ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும், அந்தத் தண்டு இன்னொரு கம்பியைத் தள்ளும், அந்தக் கம்பி கிளச்சை விடுவிக்கிற ஃபோர்க்கைத் தள்ளும். நட்டைத் திருப்பி அந்தக் கடைசிக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யலாம். கால் மணித்தியால வேலை. புதுக் கிளச் செட்டைப் பெட்டி பிரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்த ஒருவர், இந்த நட்டைத் திருப்பியதோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போது முகத்தில் சந்தோஷமே இல்லை, வாங்கிய சாமானை என்ன செய்வது என்ற யோசனை.

சரி, இனி இரண்டாம் கியர். கார் நின்றபடி, இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, கிளச்சை முழுதாக மிதித்து மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸைப் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, ஆகவே அது பொய் சொல்லாது. பத்து எண்ணிய பிறகும் பல்லைக் கடித்தால் கிளச் முழுதாக விடவில்லை. நான் சொன்ன குறுக்குத் தண்டின் இரண்டு முனையிலும் உள்ள புஷ்கள் தேய்ந்து, உங்கள் காலின் தள்ளுகையில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடுகிறது என்று அர்த்தம். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது, ஓடும்போது இரண்டுக்கு இறக்கினால் மட்டும் கரகரப்பு என்றால் அது இரண்டாம் கியரின் சிங்க்ரோ ரிங். பெட்டி வெளியே வரத்தான் வேண்டும், ஆனால் தூக்கி எறிய இல்லை.

டி-5 கதைக்கு வருவோம். அது கெட்ட சாமான் இல்லை. எண்பதுகளில் ஃபோர்ட்டே மஸ்டாங்கில் போட்டு விற்ற பெட்டிதான், பாரமும் குறைவு. ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் பின் அச்சின் கியர் விகிதம் 3.00 என்று வைத்துக்கொள்வோம். அந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் ஓடும். 100 கிலோமீற்றர் வேகத்தில் உங்கள் நாலாம் கியரில் (விகிதம் 1.00) இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று. டி-5இன் ஐந்தாம் கியரின் விகிதம் 0.68, அப்போது அதே வேகத்துக்கு 1,700 சுற்றுப் போதும். அமெரிக்காவில் விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபட மட்டும் நேர் ரோட்டில் ஓடுகிறவனுக்கு இது பெரிய ஆறுதல், பெட்ரோலும் மிச்சம். நமக்கு? ஹபரணை ரோட்டில் சட்டப்படி 70தான். 70இல் ஐந்தாவதைப் போட்டால் இன்ஜின் 1,200க்கும் கீழே இறங்கித் திணறும், நீங்கள் திரும்ப நாலுக்குத்தான் வருவீர்கள். நாலில் 1,750 சுற்றில் அது பாட்டுக்குப் போகும். கந்தளாய் தாண்டி யானை நின்றால் அதுவும் இல்லை, முதலாம் கியர்தான். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் கிளச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர், பெட்டியைக் கீழிருந்து தாங்கப் புது கிராஸ் மெம்பர், கிளச் லிங்கேஜில் மாற்றம், கியர் லீவர் வருகிற இடத்தில் ஒட்டுவேலை என்று இத்தனையும் செய்து, இங்கே போட முடியாத ஒரு கியரை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதோடு, நண்பர்கள் எறியச் சொல்கிற அந்தப் பெட்டியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. டொப் லோடர் என்று அதற்குப் பெயர் வந்ததே மூடி மேல் பக்கம் இருப்பதால்தான். உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு. 427, 428 என்று உங்கள் இன்ஜினைவிட எவ்வளவோ பெரியவற்றுக்குப் பின்னாலும் ஃபோர்ட் இந்தக் குடும்பத்துப் பெட்டியைத்தான் போட்டது. 289 அதற்கு விளையாட்டு. கழற்றி மேசையில் வைத்து மூடியைத் திறந்தால் எல்லாப் பல்லும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். பழைய ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பொன் தூள் மாதிரி மினுங்கினால் அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை, வயசுக்கு வருவதுதான். நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புத் துண்டு கிடந்தால் பல் உடைந்திருக்கிறது, அப்போது வேறு கதை. ரிங், பெயரிங், சீல் எல்லாம் செட்டாக இன்றைக்கும் அமெரிக்காவில் விற்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத முதல் கியர் பெட்டியில் போல்ட்டோடு மாட்டியிருக்கும் தகரத் துண்டைத் தேடி, ஆர்யூஜி (RUG) என்று தொடங்கும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் காரின் எந்தப் பெட்டி என்பதை அது சொல்லும்.

இனி வேலை. பற்றரியைக் கழற்றுங்கள். பின் அச்சுக்குப் போகிற புரொப் ஷாஃப்டைக் கழற்ற முதல் அது எப்படி இருந்தது என்று பெயின்ற்றால் ஒரு கோடு. பின்னால் ஒயில் வடியும், ஷொப்பிங் பையைச் சுற்றி ரப்பரால் கட்டிவிடலாம். ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைற் வயர், கியர் கம்பிகள் மூன்று. இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜக் கொடுத்த பிறகுதான் கிராஸ் மெம்பரில் கை வைக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் கராஜ்காரருக்குத் தெரியும், நான் மினக்கெட்டு எழுதவில்லை.

எழுத வேண்டியது இதுதான்: அந்தப் பெட்டி 50 கிலோ வரும். ஒரு மூட்டை சீமெந்துப் பாரம், ஆனால் பிடிக்க ஒரு வழமும் இல்லாத பாரம். எனக்கு இருபது வயது, தொழில் பழகிய கராஜில் வேறொரு காருக்குப் பெட்டியை ஏற்றுகிறோம், நான் கீழே படுத்து நெஞ்சில் தாங்கிக்கொண்டிருக்கிறேன். முன் ஷாஃப்ட் பிளேட்டுக்குள் போய்விட்டது, போல்ட் இன்னும் பிடிக்கவில்லை. பிளேன்ரீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, ‘உள்ளுக்குப் போட்டுதுதானே, நிற்கும்’ என்று கையை எடுத்துவிட்டேன். நின்றது. நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து போல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டோம். மூன்றாம் நாள் அதே கார் திரும்பி வந்தது, கிளச் எவ்வளவு மிதித்தும் விடவில்லை. கழற்றிப் பார்த்தால் பிளேட்டின் நடு வளைந்து, கையில் சுற்றும்போது அப்பளம் மாதிரி ஆடியது. அந்தப் பத்து நிமிடம் 50 கிலோவும் அந்த மெல்லிய தகட்டில்தான் தொங்கியிருக்கிறது. புதுப் பிளேட்டின் காசு என் சம்பளத்தில் வெட்டப்பட்டது, நியாயம்தான். பெட்டிக்கென்று உள்ள ஜக் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள்.

பெல் ஹவுசிங்கும் கழன்ற பிறகு, உள்ளே ஊதித் துப்பரவாக்காதீர்கள். அந்தக் காலத்துப் பிளேட் என்றால் அதில் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம், தூசு நெஞ்சுக்குள் போகக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிளேட் ஒயிலில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் எந்த ஒயில்? கந்தகம் மணக்கிற தடித்த ஒயில் என்றால் கியர் பொக்ஸின் முன் பக்கத்தால் வந்தது. கறுத்த மெல்லிய ஒயில் என்றால் இன்ஜினின் பின் சீல். உங்கள் இன்ஜினில் முதலில் வந்தது கயிறு மாதிரியான சீல். இப்போது இரண்டு துண்டாக ரப்பர் சீல் கிடைக்கிறது, அதைப் போடும்போது கீழ் பெயரிங் கப்பின் பள்ளத்தில் கயிறு சுழலாமல் பிடிக்கிற ஒரு சின்ன ஊசி இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் புது சீல் முதல் நாளே ஒழுகும். சீல் ஒழுக ஒழுகப் புதுப் பிளேட் போடுவது காசைக் கடலில் போடுகிற வேலை.

கிளச் பிளேட் அழுத்திப் பிடிக்கிற சக்கரமான பிளைவீலில் நீலம் பூத்த இடங்கள், நகம் சிக்குகிற வெடிப்புகள் இருந்தால் நல்ல பட்டறையில் கிரைண்ட் பண்ணக் கொடுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால் இதை அப்படியே எழுதிக் கொடுங்கள்: 157 பல், 28 அவுன்ஸ் பலன்ஸ். 289க்கு அதுதான். எண்பதுகளில் வந்த 302 இன்ஜினின் பிளைவீல் பார்க்க அச்சொட்டாக இதே மாதிரி, போல்ட்டும் பொருந்தும், ஆனால் அது 50 அவுன்ஸ். பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் கார் முழுக்க நடுங்கும், நீங்கள் இன்ஜின் மவுண்டிங்கை மாற்றி மாற்றி அலைவீர்கள். இறுக்கும்போது பிளைவீல் போல்ட்டுக்கு 75 முதல் 85 அடி-பவுண்டு, டோர்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கு வேண்டாம்.

பிளைவீலின் நடுவில், இன்ஜினின் கிராங்க் தண்டு முனையில், கியர் பொக்ஸின் முன் ஷாஃப்ட் நுனியைத் தாங்க பைலட் புஷ் என்று ஒரு சின்ன வெண்கல வளையம் இருக்கும். கைவிரல் மொத்தத்துக்கு ஓட்டை. இதைத்தான் பாதிப் பேர் மாற்றாமல் விடுகிறார்கள், எடுக்கிற விதம் தெரியாமல். ஒரு துண்டுப் பாணை நனைத்துப் பிசைந்து ஓட்டைக்குள் அடையுங்கள், ஓட்டைக்குச் சரியான ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள், இன்னும் பாண், இன்னும் தட்டு. போக இடமில்லாமல் பாண் பின்னால் இருந்து புஷ்ஷைத் தள்ளும். கொஞ்ச நேரத்தில் அது தானாக வெளியே எட்டிப் பார்க்கும். கிறீஸிலும் செய்யலாம், ஆனால் அது முகத்தில் அடிக்கும். பாண் கால் றாத்தல் போதும், மிச்சத்தைச் சம்பலோடு முடித்துவிடலாம். புதுப் புஷ்ஷை முதல் நாள் இரவே இன்ஜின் ஒயிலில் ஊறப் போடுங்கள், கிறீஸ் பூச வேண்டாம்.

பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அதை விடுவிக்கிற ரிலீஸ் பெயரிங், பைலட் புஷ், குறுக்குத் தண்டின் புஷ்கள், எல்லாம் ஒரே தடவையில். உங்கள் பெட்டியின் முன் ஷாஃப்ட் 10 பள்ளம், ஒன்றும் பதினாறில் ஒன்றும் அங்குலம், பிளேட் வாங்கும்போது அளவைச் சொல்லுங்கள். ரொரன்ரோவில் இருந்து வருகிற மச்சானின் பயணப் பெட்டியில் கிளச் செட் வரும், பிளைவீலையும் கேட்டால் மச்சான் உறவு முறிந்துவிடும். பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவரும் தண்டு செட்டோடு வராவிட்டால் லேத்தில் கொடுத்து ஒரு துண்டு மரத்தில் கடைந்து எடுக்கலாம். ஹவுசிங்கைத் திரும்பப் பூட்டியதும் டயல் கேஜ் வைத்து அதன் வட்டம் கிராங்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் 5க்கு மேல் போகக் கூடாது. இந்தக் கேஜை எடுத்து வைக்கச் சொன்னால் முகம் சுளிக்கிற கராஜில் இந்தக் காரை விடாதீர்கள்.

எல்லாம் முடிந்து முதல் 500 மைல் ரவுணுக்குள் ஆறுதலாக ஓடுங்கள். கோயில் ஏற்றத்துக்கு அதற்குப் பிறகு போகலாம், கோணேசர் எங்கும் போய்விட மாட்டார்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் பழைய கார் பைத்தியம். கழற்றிய கிளச் பிளேட்டைக் கழுவிச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்திருக்கிறார், அழகாம். சுவரில் மாட்டவும் யோசனையாம். நீங்கள் எழுதினால்தான் கேட்பார். (லிங்கநகர்)

பதில்: தங்கச்சி, இது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள பிரச்சினை என்று ஒதுங்கியிருப்பேன், ஆனால் அவர் பக்கம் நிற்க வழியில்லை. மேலே உப்புவெளித் தம்பிக்கு எழுதிய அஸ்பெஸ்டோஸ் விஷயத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சோற்றுக்குப் பக்கத்தில் அது வேண்டாம். சுரண்டாமல், உரஞ்சாமல், ஈரத்தோடு பையில் போட்டு இறுக்கக் கட்டி இன்றைக்கே வெளியேற்றுங்கள். ஆசைக்கு ஒரு கியர் சக்கரத்தைக் கழுவி வைக்கச் சொல்லுங்கள், கடதாசி பறக்காமல் பாரமாகவும் உதவும்.

கேள்வி: அண்ணன், வாப்பா காலத்து மொரிஸ் மைனர், 1098 சிசி. கிளச்சை விட்டு எடுக்கும்போது குதிரை மாதிரித் துள்ளுது. கீழே ஒயில் சொட்டுது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாம் கியர் போட்டால் அலறுது. ஒருவர் கியர் பொக்ஸுக்குத் தடித்த 90 ஒயிலை விட்டால் சத்தம் அடங்கும் என்றார், விட்டேன், இப்போது காலையில் கியரே விழ மாட்டேன் என்கிறது. (கிண்ணியா)

பதில்: தம்பி, அந்த 90 ஒயிலை இன்றைக்கே இறக்குங்கள். மைனரின் கியர் பொக்ஸுக்கு இன்ஜின் ஒயில்தான் போடுவது, பிரிட்டிஷ்காரன் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறான். ஒண்ணேகால் லீற்றரும் கொஞ்சமும் பிடிக்கும். தடித்த ஒயிலுக்குள் சிங்க்ரோவுக்குப் பிடி கிடைக்காது, அதனால்தான் காலைக் குளிரில் அடம்பிடிக்கிறது. முதலாம் கியர் அலறுவது வருத்தமே இல்லை. அதற்கு சிங்க்ரோ வைக்கவே இல்லை, 1948இல் இருந்து கடைசி மைனர் வரைக்கும் அப்படித்தான். காரை நிறுத்திவிட்டுப் போடுங்கள். வாப்பா அப்படித்தான் ஓடியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஒயில் சொட்டுகிற இடத்தைக் குனிந்து பாருங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு ஓட்டை, அதில் ஒரு ஸ்பிலிட் பின் தொங்கிக்கொண்டு ஆடும். எதற்காக என்று தெரியாமல் சிலர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டையையும் அடைத்துவிடுகிறார்கள். ஓட்டை ஊத்தையில் அடைபடாமல் இருக்கத்தான் அந்தப் பின் ஆடுகிறது. மைனர் இன்ஜினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது, சுருள் பள்ளம் ஒன்று ஒயிலைத் திருப்பி அனுப்பும், கொஞ்சம் தப்பி வரும். இரவு நின்ற இடத்தில் காசளவு பொட்டு இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டளவு என்றால் பிளேட் நனைந்திருக்கும், நீங்கள் சொன்ன துள்ளலுக்கும் அதுதான் காரணமாக இருக்கும். அதற்கு முதல் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், அதுவும் இதே துள்ளலைத் தரும், அதை மாற்ற கியர் பொக்ஸைத் தொடவே வேண்டாம்.

கழற்றத்தான் வேண்டும் என்றால் மைனரில் ஒரு சௌகரியம், இன்ஜினை இறக்காமல் காருக்குள் இருந்தே பெட்டியை எடுக்கலாம். சீற்று, விரிப்பு, நடுத்தரையின் தகட்டு மூடி, அதில் எண்ணிக்கையில்லாத ஸ்குரூ, பாதி துருப்பிடித்திருக்கும், முதல் நாளே ஒயில் விட்டு ஊற வையுங்கள். 1098க்குப் பிளேட் ஏழேகால் அங்குலம். அதற்கு முந்திய 948க்கு ஆறேகால். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில் மைனர் என்று மட்டும் சொன்னால் எது கையில் அகப்படுகிறதோ அதைத் தருவார்கள், பழையதைக் கொண்டு போங்கள். ரிலீஸ் பெயரிங் என்று உங்கள் கைக்கு வருவதில் குண்டுகள் இருக்காது, கறுத்த கரி வளையம் ஒன்றுதான். ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், மைனருக்கு அதுதான் அசல். பெடலில் காலை வைத்தபடி ஓடினால் அந்தக் கரி தேயும், அதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் ஆறு மாதம் கடற்கரைப் பக்கம் கொட்டிலில் நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கிளச் மிதித்தும் எந்தக் கியரும் விழுவதில்லை. கிளச் உடைந்துவிட்டதா? (நிலாவெளி)

பதில்: பெரும்பாலும் உடையவில்லை, ஒட்டிவிட்டது. உப்புக் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து பிளைவீலில் துருவை வரவைக்கும், பிளேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் இன்ஜினை நல்லாகச் சூடாக்கி நிறுத்துங்கள். முன்னால் ஆளோ சுவரோ மாடோ இல்லாத வெளியில் காரைத் தள்ளிக் கொண்டுபோய், இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். கார் உடனே நகரும், பயப்பட வேண்டாம். மெதுவாக ஓடியபடி, கிளச்சை மிதித்தே வைத்துக்கொண்டு, அக்ஸிலரேற்றரை அமத்தி அமத்தி விடுங்கள். டங் என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். பிரேக் முதலில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதெல்லாம், ஆறு மாதம் நின்ற கார் பிரேக்கிலும் சொதப்பும். நாலைந்து தடவை முயன்றும் விடாவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் போனால் பிளேட்டின் லைனிங் கிழிந்து வரும். அடுத்த மாரிக்குக் காரை நிறுத்தும்போது ஒரு தடியை அளவாக வெட்டி, பெடல் மிதிபட்டபடி இருக்கச் சீற்றுக்கு முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டொப் லோடர் கியர் பொக்ஸுக்கு ஜிஎல்-4 தர கியர் ஒயில் போடச் சொல்கிறார்கள், கடையில் ஜிஎல்-5தான் இருக்கிறது. இலக்கம் கூடினால் நல்லதுதானே? (பாலையூற்று)

பதில்: இல்லை. ஜிஎல்-5இல் அழுத்தம் தாங்கச் சேர்க்கிற கந்தக மருந்து கூட, அது பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாமல் போகலாம். பின் டிஃபரன்ஷலுக்கு ஜிஎல்-5, கியர் பொக்ஸுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-4. இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும், கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி விடுங்கள்.

கேள்வி: கிளச் பக்கம் ஒரு கீச்சுச் சத்தம். எது போய்விட்டது? (ஓர்ஸ் ஹில்)

பதில்: எப்போது என்று எழுதவில்லையே ஐயா. கியர் நியூட்ரலில், காலைப் பெடலில் வைக்காமல் கேளுங்கள். அப்போது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் கியர் பொக்ஸின் முன் பெயரிங். அப்போது இல்லை, பெடலை இலேசாகத் தொட்டதும் தொடங்குகிறது என்றால் ரிலீஸ் பெயரிங். முழுதாக மிதித்து, கியர் போட்டு, கார் நிற்கும்போது மட்டும் கத்தினால் பைலட் புஷ், பாண் வாங்க வேண்டி வரும். எது என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், என்ன கார் என்பதையும் சேர்த்து.